டயல்-அப் காலத்து ‘யாரது?’

திண்டுக்கல்லில் டிரங்க் கால் பதிவு செய்து காத்திருந்த தலைமுறை நாம். வேண்டிய ஊரையும் எண்ணையும் சொல்லிவிட்டு ரிசீவரை வைத்துவிடுவோம். லைன் கிடைத்ததும் எக்ஸ்சேஞ்சே நம்மைத் திரும்பக் கூப்பிடும். அந்தக் காத்திருப்பில் ஒரு பாதுகாப்பும் இருந்தது. யாரோ ஒருவர் என் நம்பரைச் சொல்லி என் கணக்கில் பேசிவிட முடியாது. மணி என் வீட்டில்தானே அடிக்கும்! 1960-ல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே நாட்டின் முதல் எஸ்.டி.டி. வந்தது. மெல்ல மெல்ல மற்ற ஊர்களுக்கும் அது பரவ, இந்தத் திரும்பக் கூப்பிடும் வழக்கம் மறைந்தது.

பிறகு கம்ப்யூட்டர்களும் டெலிபோனில் பேச ஆரம்பித்தன. 1986-ல் மத்திய அரசு தொடங்கிய எர்நெட் திட்டத்தில் சென்னை ஐ.ஐ.டி.யும் ஒரு பங்காளி. ஆரம்பத்தில் யு.யு.சி.பி. என்ற முறையில், மோடம் மூலம் போன் போட்டுத்தான் கடிதங்களை அனுப்பினார்கள். கூப்பிடும் கம்ப்யூட்டர் தன் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுக்கும். எடுக்கும் கம்ப்யூட்டர் சரிபார்த்து உள்ளே விடும். கூப்பிட்டவர் பதிலுக்கு ‘நீ யார்?’ என்று கேட்பதில்லை.

கேட்கத் தேவையும் இல்லை. எண்ணைச் சுழற்றியது நாம். எக்ஸ்சேஞ்ச் சரியான வீட்டுக்குத்தான் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்ற நம்பிக்கை இருக்கிறது. எடுப்பவருக்குத்தான் யார் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாது. நம்மூர்ப் பூட்டும் அப்படித்தான். சாவியைப் பார்த்து அது ‘நீ யார்?’ என்று கேட்கும். நாம் பூட்டை அப்படிக் கேட்பதில்லை.

1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. முதலில் நான்கு பெருநகரங்களில் மட்டும். திண்டுக்கல்காரனுக்கு அது சென்னைக்கு எஸ்.டி.டி. போடும் செலவு! 1998 நவம்பரில் தனியாருக்கும் அனுமதி கிடைத்த பிறகுதான் சிற்றூர்களில் இது பரவியது.

இந்த இணைப்புகளில் பெயரைச் சரிபார்க்க இரண்டு வழிகள் இருந்தன. 1992 அக்டோபரில் இரண்டையும் ஒரே ஆவணத்தில் எழுதி வைத்தார்கள். ‘பாப்’ என்ற முறையில் கடவுச்சொல் அப்படியே லைனில் போகும், ஒட்டுக்கேட்டால் தொலைந்தது. ‘சாப்’ கெட்டிக்காரத்தனமானது. எடுக்கும் முனை ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு எண்ணை அனுப்பும். கூப்பிட்ட முனை அந்த எண்ணோடு தன் ரகசியத்தைச் சேர்த்து ஒரு கணக்குப் போட்டு, விடையை மட்டும் திருப்பி அனுப்பும். எதிர்முனையும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். ரகசியம் கம்பியில் ஏறவே ஏறாது. நேற்றைய விடையைத் திருடி வைத்திருந்தாலும் இன்றைய எண்ணுக்குப் பொருந்தாது. இணைப்பு நடக்கும்போதே இடையிடையே மறுபடி கேட்கவும் செய்யலாம்.

இனி என் கதை. நான் அப்போது ஒரு நூற்பாலையின் கணினிப் பிரிவில் இருந்தேன். தலைமை அலுவலகத்துக்கு சிஸ்கோ ரவுட்டர் மூலம் டயல்-அப் இணைப்பு உண்டு. இரண்டு ரவுட்டர்களும் எங்களுடையவை என்பதால் இருபுறமும் கேட்கும்படி வைத்திருந்தோம். அவன் என்னைக் கேட்பான், நான் அவனைக் கேட்பேன். கோயில் உண்டியலுக்கு இரண்டு பூட்டுப் போடுவது மாதிரி.

இன்டர்நெட் கணக்கு ஒன்று வாங்கியதும், இரவில் ரவுட்டரே கூப்பிட்டு மெயிலை எடுத்துவைக்கட்டும் என்று பழைய அமைப்பையே நகல் எடுத்துப் போட்டேன். மகள் கல்யாணத்துக்காக மறுநாளிலிருந்து இரண்டு வாரம் லீவு. சோதித்துப் பார்க்கவில்லை.

செய்த தவறு ஒரே ஒரு சொல். இன்டர்நெட் நிறுவனத்தைக் கூப்பிடும்போது, ஆத்தன்டிகேஷன் கட்டளையின் கடைசியில் ‘கால்-இன்’ என்று சேர்க்க வேண்டும். ‘என்னை யாராவது கூப்பிட்டால் மட்டும் கேள், நான் கூப்பிடும்போது கேட்காதே’ என்று அர்த்தம். அது இல்லாததால் எங்கள் ரவுட்டர் அவர்களைப் பார்த்து ‘நீ யார், நிரூபி’ என்று நின்றது. ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு ரகசியத்தைக் கொடுத்து அவர்கள் எப்படித் தங்களை நிரூபிப்பார்கள்? பதில் வரவில்லை. எங்களுடையது லைனைத் துண்டித்துவிட்டு மறுபடி கூப்பிட்டது. மறுபடி துண்டித்தது. எதிர்முனை போனை எடுத்துவிட்டதால் ஒவ்வொரு தடவையும் மீட்டரில் ஒரு யூனிட் ஏறியது. இரவெல்லாம், பதினான்கு இரவுகள்.

இரவு ஷிப்ட் பார்த்த தம்பி, நான் திரும்பிய அன்றே சொன்னான்: “சார், ரவுட்டர்ல மெயில் வரல. நானே காலைல கம்ப்யூட்டர்ல போட்டு எடுத்துட்டேன்.” அதே பெயர், அதே கடவுச்சொல், கம்ப்யூட்டரில் உடனே கிடைத்திருக்கிறது. விண்டோஸ் எதிர்முனையை எதுவும் கேட்பதில்லை, அவ்வளவுதான். அரைமணி நேரத்தில் காரணத்தைக் கண்டுபிடித்து அந்தச் சொல்லைச் சேர்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்து வந்த டெலிபோன் பில் மேனேஜரை உலுக்கிவிட்டது. உள்ளூர் அழைப்புகளுக்கு அந்தக் காலத்தில் விவரப்பட்டியல் கிடையாது, மொத்த யூனிட்தான். ராத்திரியில் இருந்தது யார்? அந்தத் தம்பிதான். ‘சாட்’ பண்ணிக்கொண்டிருந்திருப்பான் என்று முடிவுகட்டி, சம்பளத்தில் பிடிக்க ஆரம்பித்தார்கள். அவன் என்னிடம் வந்து, “நான் பண்ணல சார்” என்று மட்டும் சொன்னான். எனக்குத் தெரியும், அவன் பண்ணவில்லை என்று. ஆனாலும் ஒரு வாரம் நான் வாயைத் திறக்கவில்லை. கல்யாணக் கடன், வேலை போய்விடுமோ என்ற பயம், சொல்லிக்கொள்ள எத்தனையோ காரணங்கள்.

எட்டாம் நாள் மேனேஜர் அறைக்குப் போய் ரவுட்டரின் பழைய அமைப்பைத் தாளில் எடுத்துக் காட்டினேன். அவருக்கு அது புரியவில்லை. என் முகம் புரிந்தது. அவனிடம் பிடித்த பணம் திரும்பப் போனது. என்னிடம் மூன்று தவணையாகப் பிடித்தார்கள்.

இப்போது ‘பேங்க்லேர்ந்து பேசறோம், ஓ.டி.பி. சொல்லுங்க’ என்று போன் வரும்போதெல்லாம் அந்த ரவுட்டர் ஞாபகம் வருகிறது. இங்கே கூப்பிடுகிறவன் அவன், நிரூபிக்கச் சொல்வது நம்மை. முறை தலைகீழ்! நான் போனை வைத்துவிட்டு, பாஸ்புக்கில் இருக்கும் எண்ணுக்கு நானே கூப்பிடுகிறேன், பழைய டிரங்க் எக்ஸ்சேஞ்ச் மாதிரி.

அந்தத் தம்பி இப்போது வேடசந்தூர்ப் பக்கம் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறார். பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் டீ வாங்கிக் கொடுக்காமல் விடமாட்டார். அந்த எட்டு நாளைப் பற்றி அவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.