பந்தியிலிருந்து மேசைக்கு

வீட்டில் கிடைக்காத பண்டத்தைத் தேடி ஹோட்டலுக்குப் போவது உலக வழக்கம். நம் காலனித் தமிழ்க் குடும்பங்களோ வாரம் முழுவதும் வீட்டில் அவித்த இட்டலியையே ஞாயிற்றுக்கிழமை காலையில் காசு கொடுத்து உண்ணப் போகின்றன. அயல் வீட்டார் இதை வியப்போடு பார்ப்பதுண்டு. ‘ஒரு நாளாவது அம்மாவுக்கு அடுப்படியிலிருந்து ஓய்வு வேண்டாமா?’ என்பது நாம் அவர்களுக்குச் சொல்லும் விடை. எளிய விடைதான், ஆயினும் நம் பாட்டனார் காலத்தில் இதைச் சொல்லத் துணிந்த வீடு அரிது. தந்தையும் தாயும் மக்களும் ஒரே மேசையைச் சுற்றி ஒரே நேரத்தில் அமர்ந்து, அடுத்த மேசையில் இருப்பவர் எந்தச் சாதியார் என்று கேளாமல் காலையுணவு கொள்ளும் வழக்கம் தமிழர்க்கு மிகப் பழையதன்று. அது வந்த வழியை ஈண்டுச் சிறிது நோக்குவோம்.

இட்டலியின் பழமை வேறு, இட்டலிக் கடையின் பழமை வேறு. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ‘வட்டாராதனை’ என்னும் கன்னட உரைநடை நூலில் இட்டலியின் பெயர் வருகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய ‘மானசோல்லாசம்’ தோசையையும் குறிப்பிடுகிறது. ஆனால் நம் முன்னோரிற் பெரும்பாலோர்க்குக் காலையுணவு நீரில் ஊறிய பழையசோறுதான். இட்டலியும் தோசையும் தீபாவளிக்கும் விருந்தினர் வருகைக்கும் உரியவை. ‘டிபன்’ என்ற சொல்லே இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர் வழங்கிய சொல். காப்பி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலுமே நம் நகர வீடுகளுள் புகுந்தது. காப்பி வந்த பின்னரே அதனோடு உண்ணச் சிற்றுண்டியும், இரண்டையும் விற்கக் ‘காப்பி கிளப்’பும் வந்தன.

அக்காலத்து வீட்டுப் பந்தியை நினைத்துப் பார்ப்போம். முதலில் ஆண்களும் குழந்தைகளும் உண்பர், பெண்கள் பரிமாறுவர். எல்லாரும் எழுந்தபின், அடுப்படியை அடுத்த இடத்தில், மிஞ்சியதைக் கொண்டு பெண்கள் உண்பர். கணவன் உண்ட இலையிலேயே மனைவி உண்பதும் பல வீடுகளில் இருந்தது. இதைக் கொடுமை என்று அன்று எவரும் கருதவில்லை. முறை என்றே கருதினர். வீட்டுக்குள் இவ்வாறு வரிசை இருந்தது என்றால் வெளியே சுவரே இருந்தது. யார் சமைத்தார், யார் பக்கத்தில் இருந்து உண்டார் என்பவை சாதியின் காவல் நிலைகள். வ. வே. சு. ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்தில் பிராமணச் சிறுவர் சிலர்க்குத் தனியே உணவளித்த செய்தி 1924-25இல் தமிழ்நாட்டையே உலுக்கியது. ஒரு பள்ளியின் சாப்பாட்டறையில் எழுந்த அந்தப் பூசல் காங்கிரசையே பிளக்கும் அளவுக்கு வளர்ந்ததை நாம் மறந்துவிட்டோம்.

காப்பி கிளப்புகளும் இச்சுவரைத் தாண்டவில்லை. ‘பிராமணாள் காப்பி கிளப்’ என்ற பலகை தென்னாட்டு நகரங்களில் சாதாரணக் காட்சி. சமைப்பவர் பிராமணர் என்பதை அது அறிவித்தது; பல இடங்களில் பிராமணர்க்குத் தனியிடம் உண்டு என்பதையும் சேர்த்தே அறிவித்தது. ரயில் நிலைய உணவுச்சாலைகளிலும் இவ்வேற்றுமை இருந்து 1941இல்தான் நீங்கியது. நாடு விடுதலை பெற்றுப் பத்தாண்டு கழிந்தும் பலகைகள் முற்றும் மறையவில்லை. 1957இல் பெரியார் ஈ. வெ. ரா.வின் திராவிடர் கழகத்தார் சென்னைத் திருவல்லிக்கேணி முரளி கபேயின் முன் மறியல் செய்து சிறை சென்றது, பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற ஒரு சொல்லை அகற்றுவதற்காகவே. ஒரு சொல்லுக்கா இத்தனை பாடு என்று கேட்போர் உண்டு. அச்சொல்லைப் படித்துவிட்டு உள்ளே நுழைவதா, திரும்புவதா என்று வாசலில் நின்றவரைக் கேட்டிருந்தால் விடை கிடைத்திருக்கும்.

இவ்வரலாற்றில் தமிழரல்லாத ஒரு கூட்டத்தாரை நாம் நன்றியுடன் நினைத்தல் வேண்டும். அவர்கள் தென் கன்னடக் கடற்கரையினர். உடுப்பிக் கிருஷ்ணன் கோயிலையும் எட்டு மடங்களையும் சார்ந்து, பெருந்திரளானோர்க்குச் சமைத்துப் பழகிய அந்தணர்கள் ஊரில் பிழைப்பின்றிப் பட்டணம் சேர்ந்தனர். 1923ஆம் ஆண்டு வெள்ளம் மேலும் பலரை வெளியேற்றியது. பத்து, பன்னிரண்டு வயதுப் பையன் மாமனோடு வருவான். முதலில் பாத்திரம் கழுவுவான். பின்னர் மாவாட்டுவான், பரிமாறுவான், அடுப்படிக்கு உயர்வான். சில ஆண்டுகளில் கூட்டாளியாகி வேறொரு தெருவில் தனிக் கடை வைப்பான். அங்கே ஊரிலிருந்து அவன் மருமகன் வந்து சேர்வான். கிளைகள் உள்ள ஹோட்டல் நிறுவனம் என்று இன்று சொல்கிறோமே, அதன் வேலையைப் பொது முதலாளி இல்லாமலே உறவு ஒன்றைக் கொண்டு அவர்கள் செய்து முடித்தனர். ஊர் ஊராக ஒரே பெயர், ஒரே சாம்பார்!

அவ்வாறு அடிமட்டத்திலிருந்து உயர்ந்தவர் கே. கிருஷ்ண ராவ். 1938இல் சென்னை இராயப்பேட்டையில் ‘உட்லண்ட்ஸ்’ என்ற பங்களாவைக் குத்தகைக்கு எடுத்து அவர் நடத்திய ஹோட்டலின் பெயரே பின்னர் பல நகரங்களுக்குப் பரவியது. உடுப்பியார் அடுக்களையில் ஆசாரம் குறையவில்லை. தொடக்க காலத்தில் அவர்களும் பிராமணர்க்குத் தனியிடம் ஒதுக்கியதுண்டு. ஆயினும் கூட்டம் பெருகப் பெருக, வந்தவரைச் சாதி கேட்டு உட்கார வைப்பது வணிகத்துக்கு ஒவ்வவில்லை. சீர்திருத்தம் பேசாதவரும் கல்லாப்பெட்டியின் நியாயத்துக்குத் தலைவணங்கினர் என்றால் தவறாகாது. மறியலும் சட்டமும் ஒரு பக்கம் தள்ள, வாணிகம் மறு பக்கம் தள்ளிற்று.

வடக்கே வந்த நம்மவர்க்கு இந்த ஹோட்டல்கள் வேறோர் ஊர் போல் ஆயின. பம்பாய் மாதுங்காவில் தமிழர் குடியேறிய தெருக்களின் நடுவே 1942இல் ஏ. ராம நாயக் தொடங்கிய உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங், குடும்பத்தை ஊரில் விட்டுவந்த குமாஸ்தாக்களின் பசி தீர்த்தது. தில்லியில் கன்னாட் பிளேஸ் ‘மதராஸ் ஹோட்டல்’ அவ்வாறே விளங்கியது. அந்த ஹோட்டல் மூடப்பட்ட பின்னும் அதன் எதிரேயிருந்த பேருந்து நிறுத்தத்தின் பெயர் நெடுநாள் மாறவில்லை. பள்ளித் தோழர் ‘மதராஸிச் சாப்பாடு’ என்று கேலி செய்தாலும் விரும்பினாலும், அதைச் சமைத்தவர் பெரும்பாலும் வீட்டில் துளு பேசுவோர் என்பது நம் குழந்தைகளிற் பலர்க்குத் தெரியாது. கல்லெறிந்தவர்க்கும் அவ்வேற்றுமை தெரியவில்லை. 1966இல் சிவசேனை தோன்றியதை அடுத்து, தென்னிந்தியர் வேலைகளைப் பறித்தனர் என்று எழுந்த கிளர்ச்சியில் பம்பாயின் உடுப்பி ஹோட்டல்கள் தாக்கப்பட்டன. தமிழர் மேலிருந்த சினத்துக்குக் கன்னடியரும் துளுவரும் சேர்ந்து ஆளாயினர். பின்னாளில் மராட்டியக் குடும்பங்களும் மாதுங்கா ஹோட்டல்களின் வாசலில் தோசைக்கு வரிசையில் நின்றனர் என்பதையும் உடன் சொல்லவேண்டும்.

இதுகாறும் கூறியதெல்லாம் ஆண்கள் கதை. காப்பி கிளப் ஆண்களின் இடம். அரட்டை, செய்தித்தாள், புகை நிறைந்த அவ்விடத்துக்கு இல்லத்துப் பெண் செல்வது இழுக்கு எனப்பட்டது. நெடுநாள் கழித்தே ‘பேமிலி ரூம்’ வந்தது. மரத்தடுப்பு, அரைக் கதவு, ஒரு திரை. அதனுள்ளே தாய் அமர்ந்தாள். திரையை விலக்கிப் பரிமாறுபவர் தட்டை வைத்துச் சென்றார். இன்று அத்திரை நமக்குச் சிரிப்பைத் தரலாம். ஆனால் அவளுக்கு ஒருவர் பரிமாற, கணவனும் மக்களும் உண்ணும் அதே பொழுதில் அவளும் சூடாக ஒரு தோசை உண்டது பல குடும்பங்களில் அத்திரைக்குள்தான் முதன்முதல் நிகழ்ந்தது. எழுந்து போய் அடுத்த தோசை வார்க்க வேண்டிய கடமை அங்கே அவளுக்கில்லை. 1962இல் சென்னையில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் திறந்தபோது, கார் வைத்திருந்தோர்க்குத் திரையும் வேண்டாததாயிற்று. இருக்கைக்கே சிற்றுண்டி வந்தது. 2008இல் அது மூடப்பட்டபோது சென்னைவாசிகள் வருந்தியதற்குக் காரணம் தோசை மட்டுமன்று என்று எண்ணுகிறோம்.

1981இல் சென்னை கே. கே. நகரில் பி. ராஜகோபால் தொடங்கிய சரவண பவன் காலத்தில் தடுப்புகள் பெரும்பாலும் போய்விட்டன. வெளிச்சமான கூடம், பளபளக்கும் எவர்சில்வர் டம்ளர், எந்தக் கிளைக்குச் சென்றாலும் மாறாத சட்டினி. உடுப்பியார் உறவைக் கொண்டு நடத்தியதைத் தமிழர் நிறுவனமாக நடத்திக் காட்டினர். தில்லியிலும் அதன் கிளைகள் வந்தபின், நம் காலனிப் பிள்ளைகளுக்குத் திரை என்றால் என்னவென்றே தெரியாது. சாம்பாரில் மிதக்கும் சின்னஞ்சிறு இட்டலிகளை எண்ணிப் பார்த்துவிட்டு உண்பதிலேயே அவர்கள் கருத்து.

வீட்டுப் பந்தியின் பழக்கம் மட்டும் முற்றும் போய்விடவில்லை. பரிமாறுபவர் எல்லாரிடமும் கேட்டு எழுதிக்கொண்டு, ‘அம்மாவுக்கு?’ என்று திரும்பும்போது, ‘எனக்கு ஒன்றும் வேண்டாம், காப்பி போதும்’ என்று சொல்லிக் குழந்தைகள் மிச்சம் வைக்கும் வடைக்காகக் காத்திருக்கும் தாய்மார் சிலரை நம்மிடையே காண்கிறோம். அவர்கள் சொல்வதைக் காதில் வாங்காமல், ‘அம்மாவுக்கும் ஒரு நெய்த்தோசை’ என்று சொல்லிவிடும் பெண்மக்களையும் அதே மேசையில் காண்கிறோம்.