மலையடிவாரத்தில் மார்ஃபின்

புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் எடுத்தால் அடிமையாகிவிடுவோம், அது சாகும் தறுவாயில் தரும் மருந்து, வலி வலி என்று சொன்னால் மருத்துவரின் கவனம் நோயிலிருந்து விலகும் என்ற எண்ணங்கள் எல்லா நாடுகளிலும் உண்டு. 1993-ல் சாண்ட்ரா வார்ட் குழுவினர் அமெரிக்க நோயாளிகளிடம் இவற்றையே அளந்து காட்டினர். தென்காசி வட்டாரத்தில் இவை வேரூன்றியது வேறு வழியில்.

குற்றாலத்தின் சாரல் காலத்தில் அருவிக் குளியலும் எண்ணெய்த் தேய்ப்பும் உடம்பு வலிக்கு மருந்தாக இருந்துவருகின்றன. கடையத்தை அடுத்த தோரணமலையைத் தேரையர் என்னும் சித்தரோடு சேர்த்துச் சொல்வார்கள். சித்த மருத்துவத்தில் அபினுக்கும் இடமுண்டு. பிரிட்டிஷ் ஆட்சியில் உரிமம் பெற்ற கடைகளில் அபின் விற்றது. இருமலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் அது கைமருந்து. விடுதலைக்குப் பின் அந்த விற்பனை படிப்படியாக நிறுத்தப்பட்டது.

1985-ன் போதைப்பொருள் சட்டம் பத்தாண்டுச் சிறையைக் குறைந்தபட்சத் தண்டனையாக வைத்தது. மருந்துக்கும் பல உரிமங்கள் தேவைப்பட்டதால் மருத்துவமனைகள் அபினிலிருந்து எடுக்கும் மார்ஃபினைத் தொடவே தயங்கின. உலகின் மருந்துத் தேவைக்கு அபின் விளைவித்து அனுப்பிய நாட்டில் மார்ஃபினின் மருத்துவப் பயன்பாடு 97 விழுக்காடு சரிந்து, 1997-ல் 18 கிலோவில் நின்றது. கிடைத்த சொற்பமும் கடைசி நாட்களில்தான் நோயாளியை எட்டியது. ஊசி போட்ட சில நாட்களில் உயிர் பிரிவதைப் பார்த்தவர்கள் மருந்தையே காரணமாக்கினர். அதை அறியாமை என்று ஒதுக்க முடியாது. பார்த்தது சரி, காரணம்தான் தலைகீழ்.

மாற்றம் மலைக்கு மேற்கே, கேரளத்தில் தொடங்கியது. 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சேர்ந்திருந்த செங்கோட்டையின் வழியே திருவனந்தபுரம் போய்வருவது இப்பகுதியினருக்குப் பழக்கம். அங்கே 1981-ல் மண்டலப் புற்றுநோய் மையம் அமைந்தது. 1993-ல் கோழிக்கோட்டில் உருவான வலி நிவாரண அமைப்பு, மார்ஃபின் மாத்திரையோடு மாதக்கணக்கில் வீட்டிலேயே நடமாட முடியும் என்று காட்டியது. 2014-ன் சட்டத் திருத்தம் உரிமச் சிக்கலைக் குறைத்தது. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வலி தணிப்புச் சேவையும் வீடு தேடி வருகிறது.

அச்சம் இன்னும் விட்டபாடில்லை. வலிக்காக முறையாக எடுப்பவர்கள் போதைக்கு அடிமையாவது அரிது; விடாத தொல்லை மலச்சிக்கல்தான். நோயின் பெயரையே நோயாளியிடம் மறைக்கும் குடும்பங்களில் இதை விளக்க வழியில்லை. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தரவேண்டிய மாத்திரை, வலி தாங்காமல் கதறும்போது மட்டும் பெட்டியிலிருந்து வெளியே வருகிறது.