சீட்டி: பெயரும் துணியும்

சீட்டிப் பாவாடை என்றதும் பூப்போட்ட, விலை மலிந்த பருத்தித் துணிதான் நம் நினைவுக்கு வரும். இந்தியில் 'சீண்ட்' என்பது தெளித்த புள்ளி. வடமொழிச் 'சித்ர'த்தோடு அதை இணைப்போரும் உண்டு. தமிழில் சீட்டி, ஈழத்தில் சீத்தை, போர்த்துக்கீசியத்தில் 'ஷீட்டா', டச்சில் 'சிட்ஸ்' என அது ஊருக்கு ஓர் உருவம் எடுத்தது. ஆங்கிலேயர் ஒருமையில் 'சின்ட்' என்றும் பன்மையில் 'சின்ட்ஸ்' என்றும் வழங்கினர். நாளடைவில் பன்மையே ஒருமையாக நிலைத்தது. 1663-இல் ஆங்கிலேயர் சாமுவேல் பெப்பிஸ் தம் மனைவியின் அறைச்சுவரை மூட ஒரு சின்ட் வாங்கியதாக நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

அன்று அந்தப் பெயர் முதன்மையாகச் சுட்டியது சோழமண்டலக் கரையில் கையால் எழுதிய துணியை. நெய்த துணியைக் கடுக்காயிலும் எருமைப்பாலிலும் தோய்ப்பார்கள். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரம், கருங்கோட்டுக்கு இரும்பும் வெல்லமும் ஊறிய நீர். பின் சாயவேர்க் கொதியில் இட்டால் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைப் பிடித்துக்கொள்ளும். நீலம் ஏறக்கூடாத இடங்களை மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் முக்குவார்கள். துவைத்தாலும் போகாத இந்தச் சாயத்தின் செய்முறையை 1742-இல் கடிதமாக எழுதி பிரான்சுக்கு அனுப்பியவர் பாதிரியார் கேர்தூ.

இந்தத் துணியின் மோகம் ஐரோப்பிய நெசவாளரை மிரள வைத்தது. பிரான்சு 1686-இல் தடைவிதித்து 1759 வரை நீட்டித்தது. இங்கிலாந்து 1700-இல் இறக்குமதியைத் தடுத்தது. 1721-இல் உடுத்தவும் விரிக்கவும் கூடத் தடைபோட்டது. கையிலிருந்த சீட்டியின் மதிப்பு உயர்ந்தது; சிறு துண்டும் சேமிக்கப்பட்டது. இங்கிலாந்தின் கம்பிரியாவிலுள்ள லெவன்ஸ் மாளிகையின் ஒட்டுப்போர்வை சுமார் 1708-இல் இந்தியச் சீட்டித் துண்டுகளால் தைத்தது. பின்னாளில் பூவையும் பறவையையும் சீட்டியிலிருந்து வெட்டி வெள்ளைத்துணியில் பதித்துத் தைக்கும் வழக்கமும் பரவியது.

துணி மாறியபோதும் பெயர் மாறவில்லை. 1783-இல் தாமஸ் பெல் செப்பு உருளை அச்சுக்குக் காப்புரிமை பெற்றார். பளபளப்பேற்றிய ஆங்கில அச்சுத்துணியும் அதே பெயரில் விற்றது. ஆகவே பழைய துணிக்கடையில் ஒரு துண்டைக் காட்டி 'சின்ட்ஸ்' என்றால், அது எந்த நூற்றாண்டு என்று பெயர் சொல்லாது; துணியைத்தான் கேட்க வேண்டும்.

முதலில் ஓரத்தைப் பாருங்கள். தடையை நீக்கிய 1774-ஆம் ஆண்டுச் சட்டம், பிரிட்டனில் நெய்த முழுப்பருத்தி அச்சுத்துணியின் கரையில் மூன்று நீல இழை வேண்டுமென்றது. 1811 வரை அது நீடித்தது. அடுத்து இலைகள். பழைய பச்சை என்பது நீலத்தின் மேல் பூசிய மஞ்சள். மஞ்சள் வெளுத்து இலை நீலமாக நிற்பது முதுமையின் அடையாளம். பளிச்சென்ற ஊதா இருந்தால், ஆங்கில வேதியியலாளர் பெர்கின் செயற்கை ஊதாச் சாயம் கண்ட 1856-க்குப் பிந்தியதாக இருக்க வாய்ப்பு மிகுதி. துண்டு ஓர் ஒட்டுப்போர்வையில் இருந்து, தையலின் உள்ளே துண்டுகளை வெட்டப் பயன்பட்ட காகித அச்சு எஞ்சியிருந்தால், அதிலுள்ள கடிதத் தேதியையும் படியுங்கள். இவற்றில் மிகப் புதியது எதுவோ, அதற்கு முன்னால் அந்தப் போர்வை தைக்கப்பட்டிருக்க முடியாது.

பிறகே மறுபயன். கறுப்பும் பழுப்பும் உள்ள இடங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: இரும்புச்சாயம் நூலை அரிக்கும், கோடு இருந்த இடத்தில் துளைதான் மிஞ்சும். அத்தகைய துண்டு இழுவிசை தாங்காது. மெல்லிய பருத்தித் துணியின் மேல் கைத்தையலால் தளர்வாகப் பதித்து, வெயில் படாமல் சட்டத்தில் வைப்பதே நல்லது. நெசவு உறுதியாக உள்ள துண்டுகளைப் புதுப்போர்வையில் தாராளமாகச் சேர்க்கலாம். அருகில் வரும் புதுத்துணி தடிமனாக இருந்தால் பழையது கிழியும். நீல இழையோடிய கரையை மட்டும் வெட்டவே கூடாது. சாயவேர் தோண்டியவர், எழுதுகோல் பிடித்தவர் எவர் பெயரையும் இத்துணிகள் தாங்கவில்லை. அவர்கள் வேலைக்கான சாட்சியம் இந்தத் துண்டுகளில் மட்டுமே இருக்கிறது. படித்துக் குறித்துவைத்த பின் கத்தரியை எடுப்பது நாம் அவர்களுக்குச் செலுத்தும் மரியாதை.