இரு நாட்டங்களும் இறைப்பணியும்: 'யேட்ஸெர்' என்னும் எபிரேயச் சொல்லின் வரலாறு

கி.பி. 200 அளவில் யூதா ஹநாசி தொகுத்த மிஷ்னா, யூதரின் வாய்மொழிச் சட்டங்களுக்குரிய முதற் பெருந்தொகுப்பாகும். அதன் முதல் நூலான 'பெராகோத்'தின் ஒன்பதாம் இயலில் உபாகமம் 6:5க்கு ஓர் உரை இடம்பெறுகிறது. இறைவனை முழு நெஞ்சோடும் நேசிக்க வேண்டும் என்னும் கட்டளையில் 'முழு நெஞ்சு' என்பது நன்னாட்டம், தீநாட்டம் ஆகிய இரண்டையும் குறிக்கும் என்பது அவ்வுரையின் கருத்து. நன்னாட்டத்தால் இறைவனுக்குப் பணிசெய்தல் எளிதில் விளங்கும். தீமையை நோக்கி ஈர்க்கும் நாட்டத்தால் பணிசெய்தல் எங்ஙனம்? இவ்வினாவுக்கு யூத மரபு அளித்த விடைகள் 'யேட்ஸெர்' என்னும் ஒரு சொல்லின் பொருள் வரலாற்றோடு பிணைந்துள்ளன. அதற்கு மொழிபெயர்ப்பாளர் தேரும் சொல், அவ்விடைகளுள் ஒன்றை அவர் அறியாமலேயே தேர்ந்துவிடுகிறது. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. சொல்லும் பொருளும்

'யேட்ஸெர்' என்பது வனைதல், உருவாக்குதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. குயவனைக் குறிக்கும் 'யோட்ஸெர்' என்னும் சொல்லும் அவ்வேரினதே. ஆதியாகமம் 6:5, 8:21 ஆகிய இடங்களில் மனிதனின் உள்ளம் உருவாக்கும் எண்ணத்தையே இச்சொல் சுட்டுகிறது. அங்கு மனிதனுள் தனித்து இயங்கும் ஓர் ஆற்றல் என்னும் கருத்து இன்னும் தோன்றவில்லை.

கி.மு. 180 அளவில் பென் சீரா எபிரேயத்தில் இயற்றிய ஞானநூல், இறைவன் மனிதனை அவனுடைய யேட்ஸெரின் கையில் விட்டதாகக் கூறுகிறது. கி.மு. 132இல் எகிப்துக்குச் சென்ற அவருடைய பேரன் அந்நூலைக் கிரேக்கத்தில் பெயர்த்தார். அவர் யேட்ஸெருக்கு இட்ட சொல் 'டியாபூலியோன்'. அது ஓர்ந்து முடிவெடுத்தலைக் குறிப்பது. எபிரேயத்தில் இயல்பாகவோ நாட்டமாகவோ கொள்ளத்தக்க ஒன்று கிரேக்கத்தில் தெளிந்த தேர்வாக மாறியது. எபிரேயத்தில் கூறியவை வேற்றுமொழியில் அதே வலிமை பெறுவதில்லை என்று தம் முன்னுரையில் குறைபட்டுக்கொண்டவரும் அப்பேரனே. கெய்ரோ ஜெனிசாவைச் சேர்ந்த ஏடுகளில் இந்நூலின் எபிரேயப் பகுதியைச் சாலமன் ஷெக்டர் 1896இல் அடையாளங்கண்ட பின்னரே, இவ்விரு சொற்களையும் அருகருகே வைத்து ஒப்பிடுதல் இயல்வதாயிற்று.

'யேட்ஸெர் ஹாரா' என்னும் தொடரின் இலக்கணமும் நோக்கத்தக்கது. இதில் சுட்டு இடைச்சொல்லான 'ஹா' பெயரின்முன் வராமல், 'தீய/தீமை' எனப் பொருள்படும் 'ரா'வின்முன் மட்டும் வருகிறது. ஆகவே இதனைத் 'தீமையின் நாட்டம்' என்றும் கொள்ளலாம். ரபிமார் கால எபிரேய வழக்கையொட்டித் 'தீய நாட்டம்' என்றும் கொள்ளலாம். முன்னது தீமையை ஒரு பொருளாக்குகிறது. பின்னது நாட்டத்துக்கு அடைமொழியாக்குகிறது.

2. எழுத்திரட்டிப்பும் உரையும்

எபிரேயத்தில் நெஞ்சுக்கு 'லேவ்', 'லேவாவ்' என இரு வடிவங்கள் உண்டு. உபாகமக் கட்டளையில் பயில்வது 'பேத்' எழுத்து இருமுறை வரும் பின்னைய வடிவம். உபாகமத்தில் இதுவே பெருவழக்கு. மொழியியல் நோக்கில் இரட்டிப்புக்குத் தனிப்பொருள் இல்லை. மிஷ்னாவும் தன் விளக்கத்துக்குக் காரணம் கூறவில்லை. இரு பேத் இரு நாட்டங்களைக் காட்டும் என்பது பிற்கால உரைமரபில் வேரூன்றிய விளக்கமாகும். ராஷி (1040–1105) இரு நாட்டங்கள் என்னும் பொருளோடு வேறொன்றையும் தருகிறார்: நெஞ்சு இறைவனிடத்துப் பிளவுபட்டிருத்தல் ஆகாது. ஒரே சொல் ஓர் உரையில் இருமையையும், மற்றோர் உரையில் ஒருமையையும் உணர்த்துகிறது. இரு நாட்டங்களும் ஒரே பணியில் இணையும்பொழுதுதான் நெஞ்சு பிளவற்றதாகும் எனக் கொண்டால் இவ்விரண்டும் முரணாகா.

இத்தகைய எழுத்துவழி உரை தனித்த ஒன்றன்று. ஆதியாகமம் 2:7இல் மனிதன் வனையப்பட்டதைக் கூறும் வினைச்சொல்லில் 'யோத்' எழுத்து இருமுறை வருகிறது; 2:19இல் விலங்குகளைக் கூறுமிடத்து ஒருமுறையே வருகிறது. மனிதனுக்கு இரு நாட்டங்கள் உண்டென்பதற்கு இதனைச் சான்றாக்கிய விளக்கத்தைப் பாபிலோனியத் தல்மூத் (பெராகோத் 61அ) பதிவுசெய்கிறது. விலங்குகளும் கடிக்கின்றன, உதைக்கின்றன. அவற்றுக்குத் தீநாட்டம் இல்லையா என்னும் மறுப்பையும் அது உடன் பதிவுசெய்கிறது.

3. பணியாகும் வழிகள்

தீநாட்டம் பணியாவதற்கு ரபிமார் இலக்கியம் மூன்று வழிகளைக் காட்டுகிறது. முதலாவது, அதனை உலகியலின் ஆற்றலாக ஏற்றல். ஆதியாகமத்துக்குரிய மித்ராஷ் (பெரேஷித் ரபா 9:7), படைப்பு முழுவதும் மிக நன்று எனக் கூறுமிடத்தில் 'மிக நன்று' என்பதைத் தீநாட்டத்துக்கு உரியதாக்குகிறது. அந்நாட்டம் இல்லையேல் எவரும் வீடு கட்டார், மணம் புரியார், மக்களைப் பெறார், வணிகம் செய்யார் என்பது அதன் வாதம். காமத்தின் நாட்டத்தைப் பிடித்து மூன்று நாள் சிறைவைத்தபொழுது நாடெங்கும் புதிய முட்டை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்னும் தல்மூத் கதையும் (யோமா 69ஆ) இக்கருத்தினதே.

இரண்டாவது, திசைமாற்றுதல். செவ்வாயின் ஆட்சியில் பிறந்தவன் குருதி சிந்துபவன் ஆவான் என்னும் நம்பிக்கையை விளக்கிய ரவ் ஆஷி, அவன் குருதி வடிக்கும் மருத்துவனாகவோ, கொள்ளையனாகவோ, கால்நடை அறுப்போனாகவோ, விருத்தசேதனம் செய்வோனாகவோ ஆகலாம் என்கிறார் (ஷபாத் 156அ). நாட்டம் ஒன்றே, அது செல்லும் வழி மனிதனுக்குரியது.

மூன்றாவது, பக்குவப்படுத்துதல். தீநாட்டத்தைப் படைத்த இறைவன் அதற்குத் தோராவை 'தவ்லின்' ஆகப் படைத்தார் என்கிறது தல்மூத் (கித்துஷின் 30ஆ). புண்ணுக்கு இடும் மருந்து அவ்விடத்தில் உவமையாதலின் 'மாற்று மருந்து' எனப் பெயர்ப்போர் பலர். ஆனால் தவ்லின் உணவிற் சேர்க்கும் மசாலைச் சரக்கைக் குறிக்கும் சொல். மருந்து நோயை அழிப்பது. மசாலை உணவை அழிப்பதில்லை, உண்ணத்தக்கதாக்குகிறது. இங்குப் பெயர்ப்புச் சொல்லே கோட்பாட்டைத் தீர்மானிக்கிறது.

4. எல்லை

தீநாட்டம் பணியாகுமெனின் தீச்செயலும் பணியாகுமோ? விலக்கப்பட்ட செயலின் வழியே நிறைவேற்றப்படும் கட்டளை ஏற்கத்தக்கதன்று என்னும் தல்மூத் நெறி இதற்கு எல்லை வகுத்தது. அவ்வெல்லை மீறப்பட்டதும் உண்டு. 1665இல் மேசியாவாக அறிவிக்கப்பட்ட சபத்தாய் ட்ஸ்வி 1666இல் இஸ்லாத்தைத் தழுவினார். அதன்பின் அவரைக் கைவிடாதோருள் ஒரு சாரார் சட்டமீறலையே மீட்பின் வழியெனக் கொண்டனர்.

இந்நிகழ்வுக்குப் பின் எழுந்த ஹசிதிய இயக்கத்தில் 1796இல் அச்சேறிய 'தன்யா' இதனை எச்சரிக்கையுடன் அணுகுகிறது. அதன் ஆசிரியர் லியாதியின் ஷ்னேயூர் சல்மான், தீமையை முற்றிலும் நன்மையாக மாற்றுதலை நிறைநேர்மையாளர்க்கே உரியதாக்குகிறார். இடைநிலை மனிதன் நாட்டத்தை வேரறுக்க இயலாது. எண்ணத்திலும் சொல்லிலும் செயலிலும் அதற்கு இடங்கொடாமை இயலும். அவ்வாறு அடக்குதலே அவனுக்குரிய பணி; நாட்டம் மீண்டும் எழுவது கண்டு அவன் சோர்வுற வேண்டியதில்லை.

5. மொழிபெயர்ப்பாளர் கடன்

இச்சொல்லின் பொருள் பற்றி ஆய்வாளர் ஒருமித்திலர். கிரேக்கச் சிந்தனையின் உடல்–உயிர் இருமையோடு இதனை இணைத்தல் பொருந்தாதென 1901இல் எஃப்.சி. போர்ட்டர் காட்டினார். முற்கால ரபிமார் இலக்கியத்தில் யேட்ஸெர் பெரும்பாலும் மனிதனுள் குடிகொண்ட பேய்த்தன்மையுள்ள பகையே என்றும், இரு நாட்டக் கோட்பாடு அங்கு அருகியே வருகிறது என்றும் இஷாய் ரோசன்-ட்ஸ்வி 2011இல் வெளியிட்ட நூல் வாதிடுகிறது. மைமோனிதஸோ அரபு மொழியில் இயற்றிய தம் 'வழிகாட்டி'யில் (2:12) தீநாட்டத்தைக் கற்பனை ஆற்றலோடு ஒன்றாக்கினார். அவ்விடத்தும் யேட்ஸெர் ஹாரா என்னும் எபிரேயத் தொடரை அவர் பெயர்க்காமலேயே ஆண்டார்.

தமிழில் 'தீயசக்தி' எனப் பெயர்த்தால் பகை மட்டுமே எஞ்சும். மிஷ்னாவின் உரை பொருளற்றதாகும். 'இச்சை' எனின் காமமும் அவாவும் மேலோங்க, சினமும் பொறாமையும் விடுபடும். 'தீநாட்டம்' என்னும் தொகைச்சொல்லோ தீய நாட்டம் எனப் பண்புத்தொகையாகவும், தீமைக்கண் நாட்டம் என வேற்றுமைத்தொகையாகவும் விரியத்தக்கது. எபிரேயத் தொடரின் ஈரடித்தன்மையை அது ஓரளவு காக்கிறது. பேத் எழுத்தின் இரட்டிப்பை எம்மொழியும் ஏற்க இயலாது. அதற்கு அடிக்குறிப்பே இடம். ஆனால் இறைப்பணியில் ஈடுபடத்தக்கது எனத் தீநாட்டத்துக்கு மரபு அளித்த இடத்தை, ஒரு சொல்லின் தேர்வால் மறுத்துவிடாதிருத்தல் மொழிபெயர்ப்பாளரின் கையில் உள்ளது.