வாழ்த்தும் தாளும்: வன்னிப் பெருநிலத்தின் கைவினை வாழ்த்துமடல்கள் பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

இலக்கிய வரலாறு எழுதுவோர் பொதுவாக நூல்களையே சான்றுகளாகக் கொள்வர். அச்சேறிய நூல், ஏட்டுப் பிரதி, சஞ்சிகை என்பவற்றுக்கு அப்பால் மக்கள் தம் கையாலெழுதி ஒருவருக்கொருவர் வழங்கிக்கொண்டவை பெரும்பாலும் ஆய்வுக்குரியனவாகக் கருதப்படுவதில்லை. பொங்கலுக்கும் புத்தாண்டுக்கும் நத்தாருக்கும் ஆசிரியர் தினத்துக்கும் ஒரு தாளை இரண்டாக மடித்து, படம் கீறி, நான்கு வரி எழுதிக் கொடுக்கும் வழக்கம் இவ்வாறு புறக்கணிக்கப்பட்டவற்றுள் ஒன்று. வன்னிப் பெருநிலத்தை, அதாவது கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களை, அடிப்படையாகக் கொண்டு இவ்வழக்கத்தின் சமூக அடித்தளத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். வாழ்த்து யாரிடமிருந்து யாருக்குச் செல்கிறது, அது எழுதப்படும் தாள் எங்கிருந்து வருகிறது என்ற இரு வினாக்களையும் ஒருங்கு வைத்து நோக்கும்போதே இச்சிறு பொருளின் வரலாறு துலங்கும் என்பது எமது கருத்து.

1. வாழ்த்தின் திசை

தமிழிலே வாழ்த்து மிகப் பழையதோர் இலக்கியக் கூறு. புறநிலை வாழ்த்து, வாயுறை வாழ்த்து என்பன பற்றித் தொல்காப்பியச் செய்யுளியல் பேசுகிறது. பாடாண் திணை முழுவதும் வாழ்த்தும் புகழ்ச்சியும் சார்ந்தது. ஆயின் அவ்வாழ்த்தின் சமூக உறவு யாது? பாடுவோன் பாணன் அல்லது புலவன். பாடப்படுவோன் தலைவன் அல்லது மன்னன். வாழ்த்து கீழிருந்து மேற்செல்ல, பரிசில் மேலிருந்து கீழிறங்கும். பிற்காலத்திற் சிற்றரசரையும் நிலவுடைமையாளரையும் சார்ந்து வாழ்ந்த புலவர்களது பாடல்களிலும் இத்திசை மாறவில்லை. இருபதாம் நூற்றாண்டிலே திருமண மண்டபங்களில் அச்சிட்டு வாசித்தளிக்கப்பட்ட வாழ்த்துப்பாக்களிற்கூட மணமக்களின் குலப்பெருமையும் தந்தையரின் உத்தியோகமும் முதலிடம் பெறுவதை அவதானிக்கலாம்.

இதற்குப் புறம்பாக உழைக்கும் மக்களிடையே நிலவிய வாழ்த்து எழுத்து வடிவில் அமைந்ததன்று. பண்ட வடிவில் அமைந்தது. புதிர் எடுக்கும் நாளிற் புது நெல்லிற் சமைத்ததை அயலவரோடு பகிர்ந்துண்ணல், பொங்கற் பானையிலிருந்து ஓர் அகப்பை அடுத்த வீட்டுக்குச் செல்லல் என்பனவே அங்கு வாழ்த்தாயின. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலும் இக்கூட்டு வாழ்வின் வெளிப்பாடே. குளத்து நீரை நம்பி ஒருவர் வயலில் மற்றவர் இறங்கி உழைத்த சமூகத்தில் வாழ்த்து என்பது விளைச்சலில் ஒரு பங்காகவே இருந்தமை இயல்பானதாகும். எழுத்தறிவு சிலரது உடைமையாக இருந்த நிலையில் எழுதிய வாழ்த்துக்கு அங்கு இடமிருக்கவில்லை.

2. வாழ்த்து பண்டமாதல்

வாழ்த்து அட்டை என நாம் இன்று அறிவது கைத்தொழிற் புரட்சியின் விளைபொருள். 1840 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு பென்னித் தபால் நடைமுறைக்கு வந்தது. அத்திட்டத்தில் உழைத்த ஹென்றி கோல் என்பவரே 1843 இல் ஓவியர் ஹோர்ஸ்லியைக் கொண்டு முதலாவது நத்தார் அட்டையை வெளியிட்டார். ஏறத்தாழ 1000 பிரதிகள் அச்சிடப்பட்டன. ஒன்றின் விலை ஒரு சிலிங். அவ்வட்டையின் நடுவே ஒரு வசதி படைத்த குடும்பம் விருந்துண்கிறது. இரு மருங்கிலும் ஏழைகளுக்கு உணவும் உடையும் வழங்கப்படுகின்றன. இளைஞராகிய ஏங்கெல்சு மான்செஸ்டர் நகரிலே தொழிலாளரின் வாழ்நிலையை ஆராய்ந்துகொண்டிருந்த ஆண்டும் அதுவே. விருந்து நடுவிலும் வறுமை ஓரத்திலும் வரையப்பட்ட அந்த அட்டையை வாங்கும் வலு, அதன் ஓரத்தில் வரையப்பட்டோருக்கு இருக்கவில்லை. பின்னர் வண்ணக் கல்லச்சு வளர்ச்சியுற்றபோது விலை வீழ்ந்தது. 1870களில் அமெரிக்காவிற் பொஸ்டன் நகரின் லூயி பிராங் இதனைப் பெருந்தொழிலாக்கினார். ஒருவர் மற்றொருவர்பாற் கொண்ட அன்பு கடைத்தட்டில் விலை குறித்து வைக்கப்படும் பொருளாயிற்று. மனிதரிடையேயான உறவு பொருள்களிடையேயான உறவாகத் தோற்றங்கொள்வது பற்றி 1867 இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதலாம் தொகுதி கூறுவதற்கு இதனினும் எளிய எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

இலங்கையின் முதலாவது முத்திரை 1857 இல் வெளியாயிற்று. வன்னியை ஊடறுத்துச் சென்ற வடபகுதி இருப்புப்பாதை 1905 இல் காங்கேசன்துறை வரை நிறைவுற்றது. தபாலும் புகைவண்டியும் பெருந்தோட்டப் பொருளாதாரத்தினதும் குடியேற்ற நிருவாகத்தினதும் தேவைகளோடு பிணைந்து வளர்ந்தவை. எனினும் மக்கள் அவற்றைத் தமதாக்கிக்கொண்டனர். தமிழகத்திலே பொங்கல் தமிழர் திருநாளாக அரசியற் பொருள் பெற்ற சூழலிற் பொங்கல் வாழ்த்து அட்டையும் பரவலாயிற்று. கரும்பு, பானை, ஏர், உதயசூரியன் எனச் சிவகாசியில் அச்சான அட்டைகளிலே உழவன் ஓயாது சிரித்துக்கொண்டிருந்தான். அவனது கடனும் குத்தகையும் அட்டையில் இடம்பெறவில்லை.

3. வன்னிச் சமூகமும் எழுதும் தேவையும்

வன்னியில் வாழ்த்துமடல் வேரூன்றுவதற்கு இரு நிலைமைகள் வேண்டியிருந்தன: பிரிந்து வாழும் உறவுகள், பரவலான பாடசாலைக் கல்வி. முதலாவதைக் குடியேற்றங்கள் உருவாக்கின. 1920களின் தொடக்கத்தில் நிறைவுபெற்ற இரணைமடுக் குளத்தை ஆதாரமாகக் கொண்டு 1930களிலிருந்து யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலமற்றோர் கிளிநொச்சிப் பகுதியிற் குடியேறினர். முத்தையன்கட்டு, விசுவமடு ஆகிய இடங்களிற் படித்த வாலிபர் திட்டங்கள் தோன்றின. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் மலையகத் தோட்டத் தொழிலாளர் பலரை வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் துரத்தின. ஆகவே வன்னிக் குடும்பம் ஒன்றுக்குப் பெரும்பாலும் வேறெங்கோ ஓர் ஊர் இருந்தது; அங்கே எழுதவேண்டிய ஓர் உறவும் இருந்தது. இலவசக் கல்வி இரண்டாவது நிலைமையை நிறைவுசெய்தது. தந்தை கைநாட்டு வைக்க, பிள்ளை மடல் எழுதிற்று.

தாளின் வரலாறும் இங்கு நோக்கற்பாலது. 1950களில் வாழைச்சேனையில் அரச காகித ஆலை நிறுவப்பட்டது. வைக்கோலும் இலுக்குப் புல்லும் அதன் மூலப்பொருள்கள். அதே தசாப்தத்திற் கிளிநொச்சிக்கு அண்மையிற் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை எழுந்தது. காகிதக் கூழுக்கும் சவர்க்காரத்துக்கும் வேண்டிய எரிசோடாவை அது உற்பத்தி செய்தது. உழவனது களத்து வைக்கோலும் பரந்தன் தொழிலாளியின் உழைப்பும் நாட்டின் பிள்ளைகளுக்குக் கொப்பியாகும் ஒரு பொருளாதாரம் அங்கு கருக்கொண்டிருந்தது. 1977 இன் திறந்த பொருளாதாரம் உள்ளூர் உற்பத்தியைப் பலவீனப்படுத்திற்று. இறக்குமதித் தடையால் வாழ்ந்த மிளகாய், வெங்காயச் செய்கையாளர் விலை வீழ்ச்சியால் நொந்தனர். எஞ்சியிருந்த பரந்தன் ஆலையைப் போர் நிறுத்திற்று.

4. தடைக்காலத்து மடல்கள்

1990 யூன் மாதம் போர் மீண்டும் மூண்டதன் பின் வடபகுதிக்குப் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. எரிபொருள், மின்கலம், பசளை, சீமெந்து என நீண்ட பட்டியல் அது. சிறு போத்தலில் திரி வைத்த சிக்கன விளக்கும், சைக்கிள் டைனமோவிற் பாடிய வானொலியும் அக்காலத்தின் கண்டுபிடிப்புகள். யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகள் கோடிட்ட கொப்பித் தாள்களிலும் அச்சாயின. 1995 ஒக்ரோபர் 30 இன் பேரிடப்பெயர்வுக்குப் பின்னர் பெருந்தொகையினர் வன்னிக்கு வந்து சேர்ந்தனர். 1996 இல் கிளிநொச்சி நகரும் பெயர்ந்தது. மரநிழலிலும் ஓலைக்கொட்டிலிலும் பாடசாலைகள் நடைபெற்றன.

இச்சூழலிலேயே கைவினை வாழ்த்துமடல் தன் தனித்த வடிவத்தைப் பெற்றது எனக் கருதுகிறோம். வன்னிப் பாடசாலையொன்றிற் கற்ற காலத்தில் நாமும் அவற்றைச் செய்தோம் என்பதால் செய்முறையைச் சற்று விரித்துரைத்தல் தகும். கொப்பியின் நடு ஒற்றையே மடலுக்கு உரியது. கம்பியை மெல்ல நிமிர்த்திக் கழற்றினால் இணைந்த இரு பக்கங்கள் கிழியாமல் வரும். எதிர்ப்பக்கத் தாளும் கழன்று வீணாகாது. தடித்த மடல் வேண்டின் முடிந்த கொப்பியின் மட்டையின் உட்புறம் பயன்படும். பசைக்குச் சோறு அல்லது காய்ச்சிய மா. மஞ்சள் நிறத்துக்கு மஞ்சள் தூள், ஊதாவுக்குப் பசளிப் பழச் சாறு, கறுப்புக்கு அடுப்புக்கரி, பச்சைக்குக் கசக்கிய இலை. குறுக்கே வெட்டிய வெண்டிக்காயை நிறத்தில் தோய்த்து ஒற்றினால் ஐந்து இதழ்ப் பூ விழும். பென்சில் சீவலின் விளிம்பு இதழாகும், வாழைநார் தண்டாகும். வைக்கோலை நீரில் ஊறவைத்து நெடுக்காகப் பிளந்து, தட்டையாக்கி, சூடான கரண்டியால் அழுத்தினால் பொன்னிறத்திலிருந்து கபிலம் வரை நிறபேதம் பெறலாம். அதனைக் கத்தரித்து ஒட்டினால் பனையும் குடிசையும் உருவாகும். வாழைச்சேனையில் தாளாக வேண்டிய வைக்கோல், தாள் இல்லாத காலத்தில் தாளின்மேற் சித்திரமாயிற்று.

மடலை எடுத்துச் செல்வது மற்றொரு பிரச்சினை. தபால் ஒழுங்காக நடைபெறாத காலங்களில் வவுனியாவுக்கோ குடாநாட்டுக்கோ செல்லும் ஒருவர் கையிற் கொடுத்தனுப்புவதே வழி. உறையும் முத்திரையும் இன்றி, பலர் கைமாறி, பலர் வாசித்தே அது உரியவரைச் சேர்ந்தது. சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் திறந்த செய்தித் தாள்களில் குடும்ப நலம் மட்டுமே எழுதலாம். எனவே பிறர் கண்படும் என அறிந்தே எழுதும் ஒரு நடை உருவாயிற்று. ‘நாம் நலம், நீங்களும் நலமாக இருக்க வேண்டுகிறோம்’ என்ற தேய்ந்த வாய்பாடு அங்கு தேய்ந்ததாக இருக்கவில்லை. மடல் வந்து சேர்ந்தது என்பதே அனுப்பியவர் உயிரோடிருந்தார் என்பதற்குச் சான்று. வாய்பாடுகளை இலக்கிய வறுமை என இகழும் திறனாய்வாளர் இதனை மனங்கொள்ளல் வேண்டும். சொல்லின் பெறுமதியை அகராதி மட்டும் தீர்மானிப்பதில்லை. அது வழங்கும் நிலைமையும் தீர்மானிக்கிறது.

இது வன்னிக்கு மட்டும் உரியதன்று. ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியம் 1949 இல் வெளியிட்ட முதலாவது வாழ்த்து அட்டையின் சித்திரம், உலகப் போரால் நலிந்த செக்கோசிலோவாக்கியாவின் கிராமமொன்றைச் சேர்ந்த 7 வயதுச் சிறுமி நன்றியாக வரைந்தனுப்பியது. தாள் கிடைக்காமையால் அவள் அதனைக் கண்ணாடியில் தீட்டினாள் என்பர். தாள் இல்லாதபோதும் வாழ்த்து நின்றுவிடவில்லை.

5. இரு மயக்கங்கள்

இவ்விடத்து இரு மயக்கங்களைத் தவிர்த்தல் அவசியம். தடைக்காலத்து ஆக்கத்திறனைப் போற்றுவோர், இல்லாமையே கலையின் தாய் எனப் பேசத் தலைப்படுவதுண்டு. இது மிகத் தவறான கருத்து. வெண்டிக்காய் அச்சு அழகானது. ஆனால் அது பதித்த பிள்ளைக்கு அன்று வண்ணப் பென்சிலும் வேண்டியிருந்தது, மருந்தும் வேண்டியிருந்தது. மக்களின் படைப்பாற்றல் தடையினால் தோன்றியதன்று. தடையையும் மீறி நின்றது. அதனைத் தடையின் நற்பயனாகக் காட்டுவோர் தடைவிதித்தோரின் பொறுப்பைக் குறைத்துவிடுகின்றனர்.

மற்றைய மயக்கம் கையாற் செய்யப்பட்டமையாலேயே ஒரு பொருள் பண்டத்தன்மையிலிருந்து விடுபட்டதெனக் கருதுவது. 2002 பெப்ரவரியில் ஏ-9 பாதை திறக்கப்பட்டபோது கடை அட்டைகள் வன்னிக்கும் வந்தன. கைமடல் ஏழ்மையின் அடையாளமாகக் கருதப்படலாயிற்று. 2006 ஓகஸ்டிற் பாதை மூடப்பட்டது. 2009 மே மாதம் போர் முடிவுற்றபோது ஏறத்தாழ 2,80,000 மக்கள் முகாம்களில் அடைக்கப்பட்டிருந்தனர். செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரிலேயே மூடப்பட்டது. அதன் பின்னரான வாழ்வாதாரத் திட்டங்களிலே, குறிப்பாகப் பெண்களைத் தலைமையாகக் கொண்ட குடும்பங்களுக்கான திட்டங்களிலே, கைப்பணி முக்கிய இடம் பெற்றது. கைவினைத் தாளும் அட்டையும் உலகச் சந்தையில் விலைபோகும் பொருள்கள். கேகாலைப் பகுதியில் யானை இலத்தியிலிருந்து செய்யப்படும் தாள் உல்லாசப் பயணிகளிடையே பெற்ற வரவேற்பு இதற்குச் சான்று. ஊதியம் தரும் எந்தத் தொழிலையும் நாம் பழிக்கவில்லை. ஆயின் தான் அறியாத ஒருவர், தான் அறியாத மற்றொருவரை வாழ்த்துவதற்காக, தான் வாசிக்கவியலாத மொழியில் எழுதப்போகும் அட்டையைத் துண்டுக்கணக்கிற் செய்யும் பெண்ணின் உழைப்பு அவளுக்கே அந்நியமானது. சோற்றுப்பசையிட்டு ஒட்டிய மடலில் செய்தவரும் வாழ்த்தியவரும் ஒருவரே. வேறுபாடு கையிலோ இயந்திரத்திலோ இல்லை, உறவிலேயே உள்ளது. விலையையும் வேலை நேரத்தையும் தீர்மானிக்கும் உரிமை செய்வோரிடம், கூட்டுறவாகவேனும், இருக்கும்போதே கைப்பணி வாழ்வாதாரம் என்ற பெயருக்கு உரியதாகும்.

6. முடிவுரை

இன்று கைத்தொலைபேசியில் ஒரு பூச்சித்திரம் ஒரே அழுத்தத்தில் நூறு பேருக்குச் செல்கிறது. எனினும் சிறுவர் தினமாகிய ஒக்ரோபர் 1 இலும் ஆசிரியர் தினமாகிய ஒக்ரோபர் 6 இலும் வன்னிப் பாடசாலைகளிற் பிள்ளைகள் இன்னும் தாளை மடிக்கின்றனர். மன்னனை நோக்கி மேற்சென்ற வாழ்த்தைச் சமமானவரிடையே பக்கவாட்டிற் செல்லும் வாழ்த்தாக மாற்றியது எழுத்தறிவு பெற்ற உழைக்கும் மக்களின் சாதனை. அச்சாதனையின் சான்றுகள் மிகக் குறைவாகவே எஞ்சியுள்ளன. 1981 இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகத்தின் 97,000 நூல்களை எண்ணிச் சொல்ல முடிந்தது. இடப்பெயர்வுகளிற் பதுங்குகுழிகளிலும் பாதையோரங்களிலும் கைவிடப்பட்ட மடல்களை எண்ணுவாரில்லை. 2005 இலிருந்து இயங்கும் நூலகம் எண்ணிம ஆவணக முயற்சி நூல்களுக்கு அப்பாற்பட்டவற்றையும் பேண வழிகாட்டியுள்ளது. எமது பல்கலைக்கழக மாணவர் தத்தம் வீட்டுப் பெட்டிகளிலும் பழைய கொப்பிகளின் இடையிலும் எஞ்சியிருக்கும் மடல்களைத் தேடி, செய்தவர் இசைவுடன், ஆண்டும் ஊரும் தாளின் வகையும் குறித்துப் பதிவுசெய்வார்களாயின், அது இலக்கிய வரலாற்றுக்கு ஒரு புதிய அடித்தளமாக அமையும். தாள் மக்கிப்போகும் முன் அப்பணி தொடங்கப்படல் வேண்டும்.