அனுப்பப்படாத ஒரு மின்னஞ்சல்

அலுவலகத்தில் அடுத்த மேஜையில் இருப்பவரிடம் ஒரு விஷயம் கேட்கக்கூட மின்னஞ்சல் தட்டுவது இன்று சர்வ சாதாரணம். வேடிக்கை என்னவென்றால், மின்னஞ்சல் பிறந்ததே அப்படித்தான். 1971-ல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் ரே டாம்லின்சன் அனுப்பிய முதல் மின்னஞ்சல், ஒரே அறையில் அருகருகே இருந்த இரண்டு கணினிகளுக்கு இடையேதான் போனது!

எழுதி அனுப்புவதா, நேரில் போய்ப் பேசுவதா? எழுத்து ஆதாரமாக நிற்கும், பேச்சில் அவசரம் புரியும் என்று வணிகவியல் பாடப்புத்தகங்கள் சுலபமாகச் சொல்லிவிடும். ஆனால் ஏழு உயிர்கள் பலியான ஒரு சம்பவம் இதை வேறு விதமாகக் காட்டுகிறது.

2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்கலம் புறப்பட்டது. அதில் சென்ற ஏழு பேரில் ஹரியானாவின் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லாவும் ஒருவர். கிளம்பிய 82-வது விநாடியில் எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. மறுநாள் படச்சுருளைப் பார்த்த பொறியாளர்கள் கவலைப்பட்டார்கள். சேதத்தை அறிய, ராணுவத்தின் உதவியுடன் விண்கலத்தைப் படம் எடுக்க வேண்டும் என்று கேட்டார்கள்.

ரோட்னி ரோச்சா என்ற நாசா பொறியாளர் இதற்காக ஜனவரி 21-ல் மின்னஞ்சல் அனுப்பினார். மறுநாள் நிர்வாகம் படம் எடுக்கும் முயற்சியை நிறுத்திவிட்டது. மனம் பொறுக்காமல் இன்னொரு கடுமையான மின்னஞ்சலை எழுதினார் ரோச்சா. படம் கேட்காமல் இருப்பது தவறு என்றார். பாதுகாப்பு இல்லையென்றால் வாய் திறந்து சொல்லுங்கள் என்று நாசாவில் ஒட்டியிருந்த சுவரொட்டிகளையும் அதில் நினைவுபடுத்தினார். ஆனால் அதை அச்செடுத்து சக ஊழியரிடம் காட்டினாரே தவிர, மேலிடத்துக்கு அனுப்பவில்லை. அதிகார வரிசையைத் தாண்டிப் போகத் தயக்கம்.

ஜனவரி 23-ல் விண்வெளியில் இருந்தவர்களுக்கும் தரையிலிருந்து ஒரு மின்னஞ்சல் போனது. நுரை மோதியது உண்மை, ஆனால் கவலைப்பட ஒன்றுமில்லை என்றது அது. பிப்ரவரி 1 அன்று, தரையிறங்க வேண்டிய நேரத்துக்குச் சுமார் 16 நிமிடம் முன்னதாக, கொலம்பியா டெக்சாஸ் வானில் சிதறியது. ஏழு பேரும் இறந்தனர்.

அப்படியென்றால் பேசியிருந்தால் காப்பாற்றியிருக்கலாமா? அவசரப்பட்டு ஆமாம் என்று சொல்லிவிட முடியாது. 1986 ஜனவரி 27 இரவு, சேலஞ்சர் விண்கலம் கிளம்புவதற்கு முன், தயோகால் நிறுவனப் பொறியாளர்கள் நாசாவுடன் தொலைபேசிக் கூட்டத்தில் பேசத்தான் செய்தார்கள். குளிரில் ரப்பர் வளையங்கள் இறுகிவிடும், கிளப்ப வேண்டாம் என்றார்கள். நாசா அதிகாரிகள் எதிர்க்கேள்வி கேட்டார்கள். நிறுவன மேலாளர்கள் தனியாகக் கூடிப் பேசிவிட்டு அனுமதி கொடுத்தார்கள். மறுநாள் புறப்பட்ட 73 விநாடியில் சேலஞ்சர் சிதறி, அதிலிருந்த ஏழு பேரும் இறந்தனர்.

ஆக, ஒருமுறை எழுத்து தோற்றது, ஒருமுறை பேச்சு தோற்றது. கொலம்பியாவை விசாரித்த குழுவும் 2003 ஆகஸ்டு அறிக்கையில், நுரைக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு நிறுவனத்தின் கலாச்சாரத்துக்கும் உண்டு என்றே சொன்னது.

அவசரமான விஷயத்தை நேரில் சொல்லுங்கள், சொன்னதை உடனே எழுத்திலும் பதிவு செய்யுங்கள். இது ஊழியருக்கான பாடம். கீழே இருப்பவர் பயமில்லாமல் வந்து சொல்லும்படி கதவைத் திறந்து வைப்பது மேலாளருக்கான பாடம். இரண்டாவது இல்லாமல் முதலாவதால் பயன் குறைவுதான்.