ஜல்லிக்கட்டும் ஸ்பெயின் காளைச் சண்டையும்: டீச்சரின் ஒரு திருத்தம்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

ஆன்லைனில் ஸ்பானிஷ் படிக்கும் என் தம்பி பேத்தி போன வாரம் கோவிலம்பாக்கம் வந்திருந்தாள். 'உங்கள் ஊர் விளையாட்டு' பற்றிப் பத்து வரி எழுத வேண்டுமாம். "அத்தைப் பாட்டி, ஜல்லிக்கட்டுக்கு 'கொரிதா'ன்னு போட்டுட்டேன், சரிதானே?" என்றாள்.

சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஐந்தாம் வகுப்பில் பொங்கல் பாடம் நடத்தும்போதெல்லாம் "ஸ்பெயினிலும் ஜல்லிக்கட்டு உண்டு" என்று உங்களுக்குச் சொன்னவள்தானே நான். இப்போது உட்கார்ந்து படித்துப் பார்த்தால், நான் சொன்னது தப்பு.

கொரிதாவில் மூன்று கட்டம். முதலில் குதிரைமேல் வருபவர் காளையின் கழுத்துச் சதையில் ஈட்டியால் குத்துவார். அடுத்து, வண்ணத்தாள் சுற்றிய முள்குச்சிகளை அதன் முதுகில் செருகுவார்கள். கடைசியில் சிவப்புத் துணியும் வாளுமாக மத்தாதோர் வருவார். அந்தச் சொல்லுக்கே 'கொல்பவர்' என்றுதான் பொருள். அபூர்வமாக மன்னிப்புப் பெறும் காளை மட்டுமே உயிரோடு திரும்பும்.

நம் வாடிவாசலில் வெறுங்கைதான். திமிலைப் பிடித்து அணைய வேண்டும். பிடிபடாத மாட்டுக்கும் பரிசு உண்டு. அன்று சாயங்காலம் அது தன் தொழுவத்தில் நிற்கும். ரத்தமே கிடையாது என்று பெருமையடிக்கவில்லை. கலித்தொகையின் முல்லைக்கலியிலேயே குடல் சரிந்த இளைஞர்கள் வருகிறார்கள். இன்றும் ஆட்கள் சாகிறார்கள், மாடுகளும் அடிபடுகின்றன. ஆனால் கொல்வது நோக்கமல்ல.

வழக்கு விஷயத்தில் மட்டும் இரண்டு ஊரும் ஒன்று. போப் ஐந்தாம் பயஸ் 1567லேயே காளைச் சண்டையைத் தடை செய்தார், யாரும் கேட்கவில்லை. கேனரி தீவுகள் 1991ல் நிறுத்தின. கேட்டலோனியா 2010ல் தடைச் சட்டம் போட்டது, 2016ல் அரசியலமைப்பு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இங்கே 2014ல் உச்ச நீதிமன்றத் தடை, 2017 ஜனவரியில் மெரினா, 2023 மே மாதம் நம் சட்டம் செல்லும் என்ற தீர்ப்பு. மெரினாவில் போய் உட்கார்ந்த பழைய மாணவர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள்!

"அப்ப ரெண்டு ஊர்லயும் ஒரே மாதிரி எதுவுமே இல்லையா?" என்றாள். இருக்கிறது. கிருஷ்ண ஜெயந்திக்கு நாம் ஏறும் வழுக்குமரம்! அங்கே அதன் பெயர் குக்கான்யா. கோயா என்ற பெரிய ஓவியர் 1780களில் அதை வரைந்திருக்கிறார். செவில் நகரத்து திரியானாவில் மரத்தை ஆற்றுக்கு மேலே படுக்கையாக நீட்டிவிடுவார்கள், வழுக்கினால் நேரே தண்ணீர்தான். நம் பிள்ளைகள் மேல் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பார்களே, அதைவிட இது மேல்.

வழுக்குமரம் பற்றி ஏழு வரி எழுதினாள். மீதி மூன்று வரியில் ஜல்லிக்கட்டு. அந்தப் பெயரை மொழிபெயர்க்காமல் அப்படியே வைத்து, 'இதில் காளையைக் கொல்ல மாட்டார்கள்' என்று சேர்த்துக்கொண்டாள்.

நான் சொன்னதை நம்பி உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லியிருந்தால் திருத்திவிடுங்கள். வழுக்குமரம் ஏறியவர்கள் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள். பாதியில் சறுக்கியவர்களும் எழுதலாம்.